எந்தக் குழாய், மச்சான்?

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மலை முழுக்கச் சிவந்துவிட்டது. காலைக் காற்றை இழுத்தால் மூக்கு வலிக்கிறது. ஒசாகாவில் நீ இன்னும் விசிறியோடு உட்கார்ந்திருப்பாய். முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணி நலமா?

போன மாதப் புயலில் எங்களுக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. உன் மாப்பிள்ளையின் ஆக்சிஜன் மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது என்பது உனக்குத் தெரியும். கைவசம் மூன்று சிலிண்டர்தான். இரண்டு தீர்ந்து, மூன்றாவதில் முள் பாதிக்கு இறங்கியபோது கரண்ட் வந்தது. அதுவரை நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என்னடாவென்றால், "புருஷன் இங்க இருக்கேன், நீ அதையே பாக்குறியே. அது அவ்ளோ அழகாவா இருக்கு?" என்று கேலி செய்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

கீழே மருந்துக்கடை, அதற்கு மேலே பல் டாக்டர், மூன்றாம் மாடியில் மூச்சுநோய் கிளினிக் எல்லோரும் சேர்ந்து கட்டடத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வைத்துவிடலாம் என்கிறார்கள். முப்பது வருடம் இதையே தொழிலாகச் செய்கிற அண்ணன் எனக்கு இருக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். உன் மாப்பிள்ளை தோகுஜிக்கு டீசல்தான் வேண்டுமாம். கப்பல் எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் வேறென்ன சொல்வார்? "தொட்டியில இருக்கிறதுதான் எண்ணெய். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறத நம்பி எவனாவது கப்பல் விடுவானா?" என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

குளிர் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
மசுயோ

*

அக்டோபர் 19

அன்புள்ள மசுயோ,

நீ அனுப்பிய உப்பு சால்மன் வந்து சேர்ந்தது. உன் அண்ணி ஒரு துண்டை ஒளித்து வைத்திருக்கிறாள், அதை நான் கண்டுபிடித்தும்விட்டேன். முதுகு பரவாயில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்: இது கப்பல் இல்லை, கட்டடம். டீசலை வருடக்கணக்கில் தொட்டியில் தேக்கி வைத்தால் கெட்டுப்போகும். பெரிய ஆபத்து வந்தால் டீசல் லாரி முதலில் ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்புக்கும்தான் போகும். பனிக்காலத்தில் உங்கள் சரிவில் லாரி ஏறவும் ஏறாது. கேஸ் ஜெனரேட்டர்தான் சரி. மண்ணுக்கடியில் வருகிறது, தீராது.

ஆனால் ஒரே ஒரு விஷயம் முக்கியம். வீடுகளுக்குப் போவது தாழ் அழுத்தக் குழாய். நிலம் பலமாக ஆடினால் மீட்டர் தானாக மூடிக்கொள்ளும். அது போதாதென்று கேஸ் கம்பெனிக்காரன் வட்டாரத்தையே அடைத்துவிடுவான். நடு அழுத்தக் குழாய்க்கு இந்த வம்பே கிடையாது. பற்றவைத்த எஃகு, பூகம்பத்துக்கும் நிற்கும். அதிலிருந்து எடுத்தால் ஊரே இருண்டாலும் நீங்கள் சோறு வடிக்கலாம். உங்கள் ட்ராம் சாலைக்கு எதிர்ப்பக்கம் பச்சிங்கோ கூடத்துக்கு நான்தான் வைத்துக் கொடுத்தேன். சூதாடுகிறவனுக்கே அந்த வசதி இருக்கும்போது மூச்சுக்குத் தவிக்கிறவனுக்கு வேண்டாமா?

அளவைப் பற்றி: லிஃப்ட், தண்ணீர்ப் பம்பு, மருந்து ஃப்ரிட்ஜ், நடைவழி விளக்குகள், எத்தனை ஆக்சிஜன் மெஷின்கள் என்று எழுதி அனுப்பு. லிஃப்ட் கிளம்பும்போது மூன்று மடங்கு இழுக்கும், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைக்காதே. லோடு போதாமல் ஓடும் எஞ்சின் உள்ளுக்குள் கரி பிடித்துச் சாகும்.

பனி விழும் முன் நானே வந்து நின்று வைத்துத் தருகிறேன்.

குனிஹாரு

*

நவம்பர் 2

அண்ணாவுக்கு,

முதல் பனி விழுந்து கரைந்தது. எல்லோரும் சுகம்.

நீ கேட்ட பட்டியலை இணைத்திருக்கிறேன். கிளினிக் நர்ஸ் ஷிஹோ எண்ணியிருக்கிறாள், எண்ணிக்கையில் தப்பு இருக்காது. உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். கடைசியில், "சரி, உங்கண்ணன் சொல்றதுல விஷயம் இருக்கு. டீசல விட்டுடறேன். ஆனா ஒரே கேள்வி கேட்டு எழுது. நம்ம வாசல்ல ஓடுறது எந்தக் குழாய், மச்சான்?" என்றார்.

நாற்பது வருடத்தில் இந்த மனுஷன் ஒரு வாதத்தில் தோற்று நான் பார்த்ததில்லை. உனக்கு ஒரு பாட்டில் சாகே வாங்கி வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

மசுயோ

*

டிசம்பர் 20

அன்புள்ள மசுயோ,

வீடு வந்து சேர்ந்தேன். ஐந்து நாள் உன் கையால் சாப்பிட்டது வயிற்றிலேயே நிற்கிறது. மாப்பிள்ளை ரயிலடி வரை சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாம், சொல்லிவிடு.

இனி பராமரிப்பு உன் பொறுப்பு. மாதம் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் ஓட்டு. சும்மா ஓட்டாதே, கட்டடத்தின் லோடைக் கொடுத்து ஓட்டு. ஆயில் அளவு, பேட்டரியின் வோல்ட், தண்ணீரின் சூடு மூன்றையும் நோட்டில் எழுது. காற்று இழுக்கும் சட்டத்தையும் புகைபோக்கியையும் பனி மூடவிடாதே, தினமும் மண்வெட்டியால் ஒதுக்கு. அவசரக் காலத்தில் கிளம்பாத ஜெனரேட்டர்களில் பாதிக்கு மேல் பேட்டரியால்தான் கிளம்பவில்லை, அதை மட்டும் மறந்துவிடாதே.

குழாய் விஷயமெல்லாம் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். பரிசோதனைத் தாளை முத்திரை வைத்து இத்துடன் அனுப்புகிறேன், கோப்பில் வை.

புது வருடம் நல்லபடியாகப் பிறக்கட்டும்.

குனிஹாரு

*

பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

இடுப்பளவு பனி. அண்ணிக்கு ஜலதோஷம் விட்டதா? மோச்சிக் கொழுக்கட்டையை விழுங்கித் தொண்டையை அடைத்துக்கொள்ளாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும்.

இரண்டு தடவை ஓட்டிவிட்டேன். பொத்தானைத் தொட்டதும் கிளம்புகிறது, எனக்கே கர்வமாக இருக்கிறது. ஷிஹோவும் நானும் ஒரு வேலை செய்தோம். இந்தச் சரிவில் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் பதினோரு பேர். வீடு வீடாகப் போய், "கரண்ட் போனா யோசிக்காதீங்க, நேரா எங்க கட்டடத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். நபேஷிமா அம்மா, எண்பத்திரண்டு வயசு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே புயல் வந்தா நான் பாட்டுக்குத் தூங்குவேன்டி" என்றாள்.

நீ அனுப்பிய தாளை இவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். 'குழாய் வகை' என்ற இடத்தில் 'நடு அழுத்தம்' என்பதைச் சுற்றி வட்டம், பக்கத்தில் உன் சிவப்பு முத்திரை. "வட்டம் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். தாளை மடித்துக் கோப்பில் வைத்தார்.

போன வாரம் லேசாக நிலம் ஆடியது. கேஸ் மீட்டர்மேல் ஒரு சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டியது. அது என்ன விளக்கு? இவர் அதன் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தார். கேட்டால், "கப்பல்ல இருந்த பழக்கம், விளக்கு கண்டா நிப்பேன்" என்கிறார்.

மசுயோ

*

ஏப்ரல் 25

மசுயோவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. இங்கே செர்ரி பூத்து உதிர்ந்தும்விட்டது, உங்களுக்கு இனிமேல்தான்.

நோட்டின் நகல் பார்த்தேன். உன் கையெழுத்து எங்கள் கம்பெனிப் பையன்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கை அடுத்த வருடம் மாற்றினால் போதும். ஆயிலை இந்தக் கோடையில் மாற்றிவிடு.

நிலம் இளகியதும், மே மாதம் நானே ஒரு நடை வருகிறேன். சின்ன வேலை ஒன்று பாக்கி. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

குனிஹாரு

*

ஜூலை 8

அண்ணாவுக்கு,

இங்கே லைலாக் பூத்து முடிந்தது. உனக்கு அந்தப் புழுக்கத்தில் எப்படித் தூக்கம் வருகிறதோ.

மே வந்தது, நீ வரவில்லை. வருகிறேன் என்றால் வர வேண்டும், இல்லையென்றால் ஒரு கார்டு போட வேண்டும். சாகே பாட்டில் தூசி பிடித்து நிற்கிறது. நான் கத்தினேன். இவர்தான், "விடு. வருவான். வயசாயிடுச்சுல்ல" என்று உனக்காகப் பரிந்துகொண்டு வந்தார்.

கேஸ் ஆபீசிலிருந்து ஒரு கார்டு வந்தது. உன் பெயரில் கொடுத்திருந்த 'சாலை தோண்டும் விண்ணப்பம்' பதில் வராததால் ரத்தாகிவிட்டதாம். என்ன சாலை, எதற்குத் தோண்ட வேண்டும்? இவரிடம் கேட்டேன். கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பழைய காகிதம். ஆபீஸ்காரனுக்கு வேற வேலை இல்ல" என்றார்.

ஜெனரேட்டரின் கதவுக்கு உள்பக்கம் ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறார். "எஞ்சின்காரனுக்கு எஞ்சின்காரன் எழுதுறது, நீ படிக்காத" என்கிறார். நானும் படிக்கவில்லை. ஆண்பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீர்கள். சண்டையில்லாமல் மறைத்தால் எனக்குச் சரி.

மசுயோ

*

ஆகஸ்ட் 10

மசுயோவுக்கு,

கடும் வெயில். உங்கள் ஊர்க் காற்றைக் கொஞ்சம் கவரில் போட்டு அனுப்பு.

அந்தக் கார்டு பழைய விஷயம்தான், தூக்கிப் போடு. இந்த வருடம் வேலை நெருக்கடி. அடுத்த வசந்தத்தில் கண்டிப்பாக வருகிறேன். வருடாந்தரப் பரிசோதனைக்கும் நான் வர வேண்டியதில்லை. உன் நோட்டே சாட்சி, அதைப் பார்த்தே தாளை எழுதி முத்திரை வைத்துவிட்டேன். இணைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை ஏதாவது கேட்டாரா?

குனிஹாரு

*

ஜனவரி 29

மசுயோ,

குசலம் விசாரிக்க நேரமில்லை. நேற்று மாலைச் செய்தியில் உங்கள் ஊரைக் காட்டினார்கள். போன் கிடைக்கவே இல்லை. அவசரத் தபாலில் போடுகிறேன், எப்போது வருமோ தெரியாது.

ஜெனரேட்டர் கிளம்பியதா? கிளம்பாவிட்டால் இதைச் செய். கேஸ் மீட்டரில் சிவப்பு விளக்குச் சிமிட்டும். இடதுபக்கம் ஒரு கறுப்பு மூடி இருக்கும், கழற்று. உள்ளே பொத்தான். ஆழமாக அழுத்தி விடு. மூன்று நிமிடம் காத்திரு. விளக்கு அணைந்தால் கேஸ் வரும். வராவிட்டால் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே பச்சிங்கோ கூடத்துக்குப் போ. அங்கே கரண்ட் இருக்கும். நிச்சயம் இருக்கும்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

குனிஹாரு

*

மார்ச் 18

அண்ணாவுக்கு,

நேற்று நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்தது. அதுவரை யாருக்கும் எழுதுவதில்லை என்றிருந்தேன்.

உன் அவசரத் தபால் ஒன்பதாம் நாள் வந்தது. அதில் இருந்தது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

நாலரை மணிக்கு நிலம் ஆடியது, இருட்டிக்கொண்டு வந்த நேரம். அலமாரியெல்லாம் கவிழ்ந்தது. கரண்ட் போனது. எஞ்சின் தானாகவே சுற்றிப் பார்த்தது, பற்றவில்லை. மறுபடி சுற்றியது, நின்றுவிட்டது. நான் பேட்டரி என்று நினைத்தேன். நீதானே அப்படிச் சொல்லிக் கொடுத்தாய். அவர் கைச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். "இதுக்கு வைத்தியம் எனக்குத் தெரியும். மூணு நிமிஷம் குடு" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் வரச் சொன்னவர்கள். பேரப்பிள்ளைகள் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள். பதினோரு பேரும் வந்தார்கள் அண்ணா. மெஷினையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழே இருட்டில் வரிசையாக உட்காரவைத்தேன். நபேஷிமா அம்மா, "பிளக் எங்கடி இருக்கு?" என்று கேட்டாள்.

கீழே போய்க் கேட்டேன். "கேஸ் வரல. வட்டாரத்தையே அடைச்சிட்டான் போல. எதுத்தாப்புல வெளிச்சம் தெரியுது பாரு. எல்லாரையும் அங்க கொண்டு போ" என்றார். ட்ராம் சாலைக்கு அந்தப் பக்கம் பச்சிங்கோ கூடம் மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முதலாளி கதவை அகலத் திறந்து, சூதாட்டப் பந்து மெஷின்களின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஆக்சிஜன் மெஷின்களுக்கு பிளக் கொடுத்தார். சுவரோரம் அந்த எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. உன் பெயர் போட்ட தகடு அதில் இருக்கிறது.

மேலே வீட்டில் நிறைந்திருந்த ஒரே சிலிண்டரை நபேஷிமா அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னது அவர்தான். "நீங்களும் வாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். "எஞ்சின விட்டுட்டு வர்ற பழக்கம் எனக்கில்ல. கேஸ் வந்தா யாராவது இங்க இருக்கணும்ல. நீ கடைசி ஆளைச் சேத்துட்டு வா" என்றார். சேர்த்துவிட்டு வந்தேன். மீட்டர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைச் சிலிண்டரின் முள் கீழே படுத்திருந்தது. அதை எவ்வளவு நேரம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

கதவுக்குள் ஒட்டியிருந்த தாளை அன்றுதான் படித்தேன். மூடியைக் கழற்று, பொத்தானை அழுத்து, மூன்று நிமிடம் காத்திரு என்று எல்லாம் அவர் கையெழுத்தில். மேலே போன வருடம் பிப்ரவரி தேதி. கீழே, "வாசலில் இருப்பது தாழ் அழுத்தக் குழாய். நிலம் இளகியதும் மச்சான் வந்து மாற்றுவார். அதுவரை இப்படி. மசுயோவுக்குத் தெரிய வேண்டாம், அண்ணனைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்." அதற்கும் கீழே பென்சில் கோடுகள். எஞ்சின்காரர்கள் எதைச் செய்தாலும் குறித்து வைப்பார்கள். ஒவ்வொரு தடவை அழுத்திக் காத்திருந்ததற்கும் ஒரு கோடு. இருபத்து மூன்று கோடுகள்.

ஷிஹோ சாவுச் செய்தி அனுப்பியதற்கு, ரயில் ஓடவில்லை என்று தந்தி கொடுத்தாய். நான்காம் நாளே ஓடியது. தகனம் முடிந்து இருவராகக் குச்சியால் எலும்பெடுக்கும்போது, என்னோடு குச்சி பிடிக்க என் பிறந்த வீட்டு ஆள் இல்லை. பச்சிங்கோ கூடத்து முதலாளி வந்து நின்றார்.

நீ முத்திரை வைத்த இரண்டு தாள்களையும் திருப்பி அனுப்புகிறேன். அவர் எழுதிய தாளை அனுப்ப மாட்டேன். அது என்னுடையது.

அண்ணிக்கு உடம்பு சுகமா?

மசுயோ

*

ஏப்ரல் 2

மசுயோ,

எந்த முகத்தோடு 'அன்புள்ள' என்று தொடங்குவேன்.

அந்த டிசம்பரில் வந்து இறங்கிய பிறகுதான் நடு அழுத்தக் குழாய் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தது. நிலம் உறைந்துவிட்டது, வசந்தத்தில்தான் தோண்ட முடியும் என்றார்கள். அதுவரை இருக்கட்டும் என்று வாசலில் இருந்த தாழ் அழுத்தத்தில் இணைத்தேன். நான்கு மாதத்துக்குத்தான் என்று நினைத்து அந்த வட்டத்தைப் போட்டேன். சத்தியமாக நான்கு மாதம் என்றுதான் நினைத்தேன்.

மே மாதம் டிக்கெட் எடுத்தேன். ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வாசலில் நின்றுகொண்டு, "எந்தக் குழாய், மச்சான்?" என்று அவர் கேட்பாரே என்று திரும்பிவிட்டேன். டீசல் என்று சொன்ன மனுஷனை அத்தனை கிண்டல் செய்துவிட்டு, அவர் முன்னால் போய் நிற்க முடியவில்லை. அவருக்குத் தெரியும் என்று தெரிந்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அதுவும் நிச்சயமில்லை. நான் கோழை. ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்றைக்கே அவரைக் கொன்றுவிட்டேன்.

ஆகஸ்டில், இறந்தவர்கள் வீடு திரும்பும் ஒபோன் நாளில், அவருடைய முதல் ஒபோனுக்கு வந்து ஊதுபத்தி ஏற்ற அனுமதிப்பாயா? வாசலோடு திரும்பிவிடுகிறேன். ஒரு வரி எழுது.

குனிஹாரு

*

டிசம்பர் 1

குரிஹாரா குனிஹாரு அவர்களுக்கு,

என் கணவர் தோகுஜி இவ்வாண்டு ஜனவரியில் காலமானதால், துக்கத்தில் இருக்கும் எங்களால் புத்தாண்டு வாழ்த்துத் தெரிவிக்க இயலாது. அவர் வாழ்ந்த காலத்தில் தாங்கள் காட்டிய அன்புக்கு நன்றி. குளிர் மிகும் இந்நாட்களில் தாங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ள வேண்டுகிறோம்.

(அச்சடித்த கார்டு. ஓரத்தில் பேனாவால் எழுதியது:)

ஜூன் மாதம் சாலையைத் தோண்டி நடு அழுத்தக் குழாய் போட்டாயிற்று. ஒன்றாம் தேதி தவறாமல் லோடு கொடுத்து ஓட்டுகிறேன், நன்றாக ஓடுகிறது. தோண்டிப் போட இரண்டு நாள் வேலைதான்.

மசுயோ